சிடோனி வீட்டுக் கொல்லையில் நாலு பீரங்கி

எங்கள் ஊரில் கோழி முட்டையிட்டால் மற்ற பெண்கள் எடுத்துப்போய் வேகவைப்பார்கள். சிடோனி அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பாள். உள்ளே வேறு எவனாவது ஒளிந்திருக்கிறானா என்று தெரியாமல் அடுப்பில் வைக்கமாட்டாள். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால், கூண்டுக்குள் இருப்பது நிஜமாகவே சாமியார்தானா என்று துவாரம் வழியாக மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் தன் பாவத்தை வெளியே எடுப்பாள். கல்யாணத்தன்று மெடார்ட் "சம்மதம்" என்று சொன்னதும், "எதுக்கெல்லாம் சம்மதம்னு விவரமாச் சொல்லச் சொல்லுங்க சாமி" என்று கேட்டவள் அவள். அவள் கரையில் நின்றால் கடலே ஓரடி தள்ளி நின்றுதான் அலையடிக்கும்.

அவள் வீடு ஊரின் கிழக்குக் கோடியில் கடைசி வீடு. அதற்கு முந்தைய வீடு என்னுடையது. அவள் வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூடு, கக்கூஸ், பிறகு மணல்மேடுகள். மணல்மேடுகளைத் தாண்டினால் முள்கம்பி, சண்டையில் இடிந்த நியூபோர்ட் பட்டணம், ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அப்போது ஜெர்மன்காரன். பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றிக் குறை சொல்ல சிடோனிக்கு அந்தத் திசையிலும் ஆள் இருந்தது.

மெடார்டுக்கும் எனக்கும் தொழில் ஒன்று. தண்ணீர் வற்றும் நேரத்தில் குதிரைமேல் ஏறிக் கடலுக்குள் இறங்குவோம். குதிரையின் மார்பு நனையும் ஆழத்தில், வலையை இழுத்துக்கொண்டு கரையோரமாகவே போய்த் திரும்புவோம். பொடி இறால் விழும். மெடார்டின் குதிரை பெல்லா என்ற கிழட்டுப் பெண்குதிரை. சண்டைக்குக் குதிரை பிடிக்க வந்த பட்டாளத்தான் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தான். திறந்த வாயை இரண்டு கையாலும் மரியாதையாக மூடிவிட்டு, தொப்பியைத் தொட்டுக் கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

பிடித்த இறாலை உடனே வேகவைக்க வேண்டும். அரை நாள் விட்டால் பன்றிகூட மூக்கைத் திருப்பிக்கொள்ளும். அந்த வேலை சிடோனியுடையது. கொல்லையில் செங்கல் வைத்துக் கட்டிய அடுப்பில், அசைக்க முடியாமல் பதித்த செம்பு அண்டா. கடல் தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவைத்து இறாலைக் கொட்டுவாள். சண்டை வந்ததும் பாதி ஊர் மூட்டை கட்டிக்கொண்டு பிரான்ஸுக்குப் போய்விட்டது. சிடோனியையும் போகச் சொன்னார்கள்.

"அண்டாவைத் தூக்கிட்டு வரமுடியுமா?" என்று கேட்டாள்.

"முடியாது, அடுப்போட சேர்த்துக் கட்டியிருக்கே."

"அப்போ நானும் அதோட சேர்த்துக் கட்டினவதான். போங்க."

சண்டையின் இரண்டாவது வசந்தத்தில் அந்தக் கார்ப்பரல் வந்தான். பெயர் ஃபிர்மின், எங்கள் நாட்டிலேயே உள்ளே தள்ளி இருக்கும் கென்ட் நகரத்து ஆள். எங்கள் கரையைக் காவல் காத்தது பிரெஞ்சுப் பட்டாளம். எங்கள் நாட்டு ராணுவம் இவனை அவர்களுக்கு இரவல் கொடுத்திருந்தது. படம் வரைவான், தேவைப்பட்டால் எங்கள் பேச்சை அவர்களுக்கும் அவர்கள் பேச்சை எங்களுக்கும் மாற்றிச் சொல்வான். சிடோனி வீட்டுக்குப் பின்னால் இருந்த மணல்மேட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்தான். வண்ணப் பெட்டியைத் திறந்தான். தலைக்குமேல் ஒரு குடையை நட்டான்.

சிடோனி வேலிக்கு வந்து என்னைக் கூப்பிட்டாள்.

"காமில், அங்க பாரு. குடை."

"பாத்தேன் அக்கா. வெயில் படாம வரையறான்."

"ரெண்டு வருஷமா பட்டாளமே மழையில ஊறிக்கிட்டுக் கெடக்கு. இவனுக்கு மட்டும் எவன் குடை குடுத்தான்? மேல இருந்து பாத்தா பளிச்சுனு தெரியும்ல?"

"மேல இருந்து யாரு பாக்கப் போறா? கடவுளா?"

"கடவுள் பாத்தா நல்லதுதான். ஏரோப்ளேன்ல வர்றவன் பாத்தா?"

மறுநாள் காலையில் அவன் உட்கார்ந்திருந்த மேட்டில் ஒரு குண்டு விழுந்தது. மேடு இருந்த இடத்தில் பள்ளம். ஃபிர்மின் பக்கத்து மேட்டுக்குப் போனான். இரண்டு நாளில் அங்கேயும் விழுந்தது. அதன்பிறகு அவன் தெருவில் வந்தால் நாய்கூட எதிர்ப்பக்கத்துக்குப் போக ஆரம்பித்தது. ஊர் முழுக்க ஒரே பேச்சு: இவன் கோடு போட்ட இடத்தில் குண்டு விழுகிறது.

"நேரடியாக் கேட்டா பொய் சொல்லுவான்" என்றாள் சிடோனி. "நான் இறால் வச்சுப் பாக்கறேன்."

எங்கள் கரையில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட இறால் உரிக்கத் தெரியும். தலை ஒரு கையில், வால் ஒரு கையில், நடுவில் ஒரு சின்னத் திருகு, ஒரு இழுப்பு. அவ்வளவுதான், சதை கையில் வந்துவிடும். அதைச் செய்யத் தெரியாதவன் இந்த நாட்டானே இல்லை என்பது எங்கள் ஊர் சட்டம். ராஜாவே வந்தாலும் முதலில் ஒரு கிண்ணம் இறாலை நீட்டிவிட்டுத்தான் நாற்காலி போடுவோம்.

ஃபிர்மினை வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தாள். சுடச்சுட ஒரு கிண்ணம் இறாலை முன்னால் வைத்தாள். மெடார்டும் நானும் சுருட்டும் புகைக்குழாயுமாகச் சுவரோரம் நின்றோம். ஃபிர்மின் ஒன்றை எடுத்தான். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். தலையை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு, மிச்சத்தை அப்படியே வாயில் போட்டான். ஓட்டோடு. மென்றான். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது, யாரோ செருப்போடு சரளைக்கல்லில் நடப்பது மாதிரி.

"ரொம்ப ருசியா இருக்கும்மா" என்றான். "கொஞ்சம் மொறுமொறுன்னு."

மெடார்டின் குழாய் தானாகவே அணைந்தது.

அவன் போனதும் சிடோனி கதவைச் சாத்தினாள். "ஜெர்மன்காரன்."

"கென்ட் ஊரு அக்கா அவன். அங்க கடல் கிடையாது. பாவம், எப்படித் தெரியும்?"

"கடல் இல்லாத ஊர்க்காரன் எதுக்குக் கடலை வரைய வந்தான்? சொல்லு பாப்போம்?"

மெடார்ட் மெதுவாகச் சொன்னான்: "ஜெர்மன்காரங்களுக்கும் இறால் உரிக்கத் தெரியும்டி. அவங்களுக்கும் கடல் இருக்கு."

"நீ யாரு பக்கம்?" என்றாள் அவனைப் பார்த்து. அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் மெடார்டின் தட்டில் மோரில் பிசைந்த உருளைக்கிழங்கு பாதிதான் விழுந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து ஃபிர்மின் படத்தைக் கல்லில் சாய்த்து வைத்துவிட்டுப் புதர்ப் பக்கம் ஒதுங்கினான். சிடோனி என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறினாள். படம் நன்றாகவே இருந்தது, அதையும் சொல்லவேண்டும். எங்கள் கடற்கரை அப்படியே இருந்தது. முள்கம்பியில் பாசி தொங்கியது. அலையில் சரிந்து நிற்கும் மரக்கட்டைகள், குண்டு விழுந்து அம்மைத் தழும்பாகிப் போன மணல், தூரத்தில் உடைந்த பல் மாதிரி நியூபோர்ட். முன்னால் சிடோனியின் வீடு, அண்டா அடுப்பிலிருந்து எழும் புகையோடு.

சிடோனி படத்தில் விரலை வைத்தாள்.

"காமில், என் வீட்டுக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"கோழிக்கூடு. கக்கூஸ்."

"படத்துல?"

குனிந்து பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால், மணல்மேட்டின் மடியில், நாலு பீரங்கிகள் வரிசையாக நின்றன. வாயை ஆற்றுப் பக்கம் நீட்டிக்கொண்டு, சக்கரத்துக்குக் கீழே நிழல்கூட விழுந்திருந்தது. நான் திரும்பி நிஜக் கொல்லையைப் பார்த்தேன். அங்கே ஒரு கோழி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

"இல்லாத பீரங்கியை வரைஞ்சு ஜெர்மன்காரனுக்கு அனுப்பறான்" என்றாள். "என் வீட்டு மேல குண்டு போடச் சொல்றான்."

அப்படியே நடந்து கேப்டனிடம் போனாள். நானும் போனேன். அவளுக்குத் துணையாக அல்ல. வேடிக்கையைத் தவறவிட்டால் என் மனசு ஆறாது. கேப்டன் கடலோரப் பங்களா ஒன்றில் இருந்தார். மீசைக்கு எண்ணெய் போட்டு முறுக்கி வைத்திருப்பார், அதில் இரண்டு கொடி கட்டலாம். சுவர் முழுக்கப் படங்கள். ஏரோப்ளேனில் இருந்து எடுத்த எங்கள் கரை. மேலே இருந்து பார்த்தால் நம் வீடு இவ்வளவுதானா என்று எனக்கு வெட்கமாகிவிட்டது, பேன் முட்டை மாதிரி இருந்தது.

கேப்டனுக்கு எங்கள் பேச்சு தெரியாது. மாற்றிச் சொல்ல ஆள் கூப்பிட்டார். வந்து நின்றவன் ஃபிர்மின்.

சிடோனி அவனைப் பார்த்தாள். கேப்டனைப் பார்த்தாள். வேறு வழியில்லை. "இவன் ஒற்றன், இல்லாத பீரங்கியைப் படத்துல வரையறான்னு அவருகிட்டச் சொல்லு" என்றாள் ஃபிர்மினிடமே.

ஃபிர்மின் கேப்டன் பக்கம் திரும்பிச் சொன்னான். சத்தியமாகச் சொன்னான். டன்கர்க் படகுகளில் கொஞ்ச காலம் வேலை செய்ததில் எனக்கும் கொஞ்சம் பிரெஞ்சு உண்டு, திட்டவும் கடன் கேட்கவும் போதும். அவன் ஒரு வார்த்தையும் விடாமல், தன்னையே கைகாட்டிச் சொன்னான்: இந்த அம்மா சொல்கிறார், நான் ஒற்றன், இல்லாத பீரங்கியைப் படத்தில் வரைகிறேன்.

கேப்டன் சிரித்தார். ஏதோ பதில் சொன்னார். ஃபிர்மின் எங்கள் பக்கம் திரும்பினான்.

"அந்தப் படம் அவருக்காகத்தான் வரைஞ்சேனாம். நீங்க கவலைப்படாம வீட்டுக்குப் போய் இறால் வேகவைக்கணுமாம்."

வழியெல்லாம் சிடோனி வேகமாக நடந்தாள். வீட்டு வாசலுக்கு வந்ததும் நின்றாள். "சிரிச்சான் பாத்தியா? அதிகாரி சிரிச்சா யாரோ சாகப்போறான்னு அர்த்தம்."

மறுநாள் ஒரு வண்டி நிறைய நிலக்கரி வந்து அவள் கொல்லையில் கொட்டியது. கேப்டன் அனுப்பினாராம். சும்மாவாம். இறால் நன்றாக வேகட்டுமாம்.

அந்த நாளில் கரி என்பது தங்கத்துக்கு அண்ணன். மெடார்ட் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நல்ல மனுஷன்" என்றான்.

"பட்டாளம் எடுத்துதான் பாத்திருக்கேன்" என்றாள் சிடோனி. "குடுத்து எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா?"

ஒவ்வொரு கட்டியாக எடுத்து முகர்ந்தாள். இரண்டைக் கடித்தும் பார்த்தாள் என்று நினைக்கிறேன், பல் கறுத்திருந்தது. கடைசியில் எரித்தாள், வேறென்ன செய்வாள்? உலகத்திலேயே மட்டமான கரி அது. புகை எருமைக் கூட்டம் மாதிரி கறுப்பாகக் கிளம்பி வானத்தில் ஏறியது. மேற்கே போன கப்பல்காரன் அதைப் பார்த்து அமெரிக்கா வந்துவிட்டது என்று நினைத்திருப்பான்.

அதற்குப் பின்னால் மூன்று வண்டி வந்தது. பெருத்த மரத்தண்டுகள், உடைந்த வண்டிச் சக்கரங்கள், வண்ணம் அடித்த கித்தான் துணிச் சுருள்கள். சிப்பாய்கள் இறக்கினார்கள். ஃபிர்மின் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் இடது பக்கம், இன்னும் கொஞ்சம் தூக்கு என்று கை காட்டினான். சாயங்காலத்துக்குள் சிடோனியின் கோழிக்கூட்டுக்குப் பின்னால் நாலு பீரங்கி நின்றது. மரப் பீரங்கி. ஃபிர்மின் மண்டி போட்டு அதற்குக் கீழே கித்தானில் கறுப்பாக நிழலை வரைந்தான்.

"உலகத்துல எல்லாரும் இடத்தைப் பாத்துப் படம் வரைவாங்க" என்றான் மெடார்ட். "இவங்க படத்தைப் பாத்து இடத்தை வரையறாங்க."

சிடோனி பீரங்கியைப் பார்த்தாள். கரிக் குவியலைப் பார்த்தாள். தன் அடுப்பிலிருந்து நிமிர்ந்து நின்ற புகையைப் பார்த்தாள். பிறகு கரண்டியோடு நேராக ஃபிர்மினிடம் போனாள்.

"நிஜப் பீரங்கி எங்க இருக்கு?"

அவன் தூரிகையைத் துடைத்தான். "அதைச் சொல்லக்கூடாதும்மா."

"இங்க இல்லை. அதுமட்டும் எனக்குத் தெரியும். அவன் இங்க சுடணும், அங்க சுடக்கூடாது. அதுக்குத்தான் இது."

"...ஆமா."

"என் புகை?"

"வெறும் மரத்தை நிறுத்தினா நம்பமாட்டாங்கம்மா. புகை இருந்தா ஆளு இருக்குன்னு நம்புவாங்க. மேல இருந்து போட்டோ எடுக்கறாங்க."

"ஆளு இருக்கே. நான் இருக்கேன். மெடார்ட் இருக்கான்."

ஃபிர்மின் நிமிர்ந்து பார்க்கவில்லை. "உங்களைப் போகச் சொன்னாங்க இல்ல?"

"அப்பறம் கரி எதுக்கு அனுப்பினீங்க?"

அவன் துடைத்த தூரிகையையே திரும்பவும் துடைத்தான். எனக்கு அன்றைக்கு முதல்முறையாகச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷமாக ஊரே கேலி செய்த அவள் சந்தேகம், இந்த ஒரு தடவை நிஜத்தைவிடச் சின்னதாக இருந்தது.

அடுப்பை அணைத்தால் இறால் அழுகும், இறால் அழுகினால் சாப்பாடு இல்லை. அடுப்பை மூட்டினால் குண்டு. இரண்டுக்கும் நடுவில் அவள் மூட்டத்தான் செய்தாள். குண்டு வந்தது. ஒரு நண்பகலில் நாங்கள் குதிரையிலிருந்து கூடையை இறக்கிக்கொண்டிருந்தோம், மெடார்ட் கொல்லைக்குள் ஒரு கால் வைத்திருந்தான். கோழிக்கூடு வானத்துக்குப் போனது. கோழிகள் அதைவிட மேலே போயின. ஒரு வாரம் வரை இறகு இறங்கிக்கொண்டே இருந்தது. அண்டா 'ணங்' என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது, விலாவில் ஒரு குழி மட்டும். மெடார்டின் இடது காதிலிருந்து ரத்தம் வடிந்தது. அந்தக் காது அப்புறம் கேட்கவேயில்லை. சிடோனி சொல்வதில் பாதிதான் அவனுக்கு இப்போது கேட்கும், அதனால் அவன் ஆயுசு பத்து வருஷம் கூடியது என்று நான் சொல்வேன். அன்றைக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு அவள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு இடுப்பில் கட்டியிருந்த துணியால் ரத்தத்தை ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"அடுத்தது உள்ள விழும்" என்றாள் என்னிடம். "இவனை நான் புதைக்கப்போறதில்லை காமில். இந்தப் பீரங்கி போகணும். இல்ல, அது பொய்னு அவனுக்குத் தெரியணும்."

"யாருக்கு?"

மேலே கையைக் காட்டினாள்.

"அக்கா, அதுக்குப் பேரு ஒற்று. சுட்டுடுவாங்க."

"வலை காயப்போடறது ஒற்றா?"

மறுநாள் மெடார்டின் பெரிய வலையை நாலு மரப் பீரங்கிமேலும் விரித்துப் போட்டாள். பீரங்கிமேல் எவனாவது வலை காயப்போடுவானா, பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிடும் என்பது கணக்கு. அந்த வாரம் குண்டு இரண்டு மடங்காக விழுந்தது. பெல்லாவே கடலைவிட்டு வெளியே வரமாட்டேன் என்று அடம் பிடித்தாள்.

ஃபிர்மின் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடிவந்தான். "என்னம்மா பண்ணியிருக்கீங்க? நிஜப் பீரங்கியைத்தான் வலை போட்டு மறைப்பாங்க! நான் வரைஞ்சதுல ஒரு குறை இருந்துச்சு, அதையும் நீங்க சரிபண்ணிட்டீங்க!"

சிடோனி வலையைச் சுருட்டினாள். துணி காயப்போடுகிற கொடியைத் திரும்பிப் பார்த்தாள். அது நல்லதற்கு இல்லை என்று எனக்குத் தெரியும்.

திங்கட்கிழமை வந்தது. எங்கள் கரையில் திங்கட்கிழமை துணி துவைக்கிற நாள். சண்டை வந்தாலும் சாவு வந்தாலும் திங்கட்கிழமை கொடியில் துணி இல்லாத வீட்டை ஊர் மதிக்காது. வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. இப்படி வெளிச்சம் இருந்தால் ஏரோப்ளேன் காலையிலேயே வந்துவிடும், ஈ மாதிரி ஊரின்மேல் சுற்றிப் போட்டோ எடுத்துக்கொண்டு போகும். சிடோனி பெரிய கூடையோடு கொல்லைக்கு வந்தாள்.

முதல் பீரங்கியில் படுக்கை விரிப்பு. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் மெடார்டின் நீளக் கம்பளிக் கால்சட்டை, காலுக்கு ஒரு பீரங்கி. நாலாவதில் தன் சிவப்பு உள்பாவாடை. சிடோனியின் உள்பாவாடை என்றால் சாதாரணமல்ல. காற்றில் உப்பினால் அதில் ஒரு சர்க்கஸ் நடத்தலாம். ஏரோப்ளேன் வந்தது. சிடோனி இடுப்பில் கை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். அது ஒரு சுற்றுச் சுற்றியது. திரும்பி வந்து இன்னொரு சுற்றுச் சுற்றியது. பிறகு போய்விட்டது.

மத்தியானத்துக்குள் கேப்டன் இரண்டு சிப்பாயோடு வந்துவிட்டார். பக்கத்தில் ஃபிர்மின், சுண்ணாம்பு மாதிரி வெளுத்து. கேப்டன் உள்பாவாடையைக் காட்டி ஏதோ கத்தினார்.

"இது எதிரிக்குச் சைகைன்னு சொல்றாரு" என்றான் ஃபிர்மின்.

"இன்னிக்குத் திங்கக்கிழமை" என்றாள் சிடோனி. "ஊரு பூரா துணி காயுது. எல்லாரும் ஒற்றனா?"

"பீரங்கி மேலயா காயவைக்கறாங்கன்னு கேக்கறாரு."

"எங்க பீரங்கி? அது மரம். பீரங்கின்னா ஒருதடவை சுட்டுக் காட்டச் சொல்லு. சத்தம் வந்தா நான் பாவாடையை எடுத்துக்கறேன்."

ஃபிர்மின் அதையும் மாற்றிச் சொன்னான். கேப்டன் கையசைத்தார். ஒரு சிப்பாய் சிடோனியின் கையைப் பிடித்தான். மணல்மேட்டில் கட்டிவைத்துச் சுடப்பட்டவர்களைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருந்தோம். மெடார்ட் கடலிலிருந்து நேராக, சொட்டச் சொட்ட ஈரத்தோடு, பெல்லாவை நடத்திக்கொண்டு வந்து அவளுக்கும் கேப்டனுக்கும் நடுவில் குறுக்காக நிறுத்தினான். "இவளைக் கூட்டிட்டுப் போறதுன்னா என்னையும் குதிரையையும் சேத்துக் கூட்டிட்டுப் போங்க" என்றான். "இவளுக்குச் சந்தேகப்பட ஒரு ஆளு வேணும்ல?"

அப்போது ஃபிர்மின் பேச ஆரம்பித்தான். மெடார்ட் சொன்னதை மாற்றிச் சொல்கிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அது முடியவேயில்லை. நீண்டுகொண்டே போனது. எனக்குத் தெரிந்த அரைகுறை பிரெஞ்சை வைத்துக்கொண்டு காதைத் தீட்டினேன். அவன் சொன்னது இதுதான்: துணி போடச் சொன்னது நான். மரத்தை மறைக்கலாம் என்று நினைத்தேன், என் தப்பு. இந்த அம்மாவுக்கு எதுவும் தெரியாது. போட்டோ எடுத்துவிட்டார்கள், இது பொய்ப் பீரங்கி என்று புரிந்திருக்கும், இனி இந்த இடத்தில் ஒரு குண்டுகூடப் போடமாட்டார்கள், இங்கே வைத்திருந்து பயனில்லை. மேற்கே உப்புச் சதுப்பில் வீடே கிடையாது. அங்கே கொண்டுபோய் வைத்தால், ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகை நான் காட்டுகிறேன்.

கேப்டன் அவனை முறைத்துவிட்டு, சிப்பாய்க்குக் கைகாட்டினார். சிப்பாய் கையை விட்டான்.

"நான் ரெண்டு வார்த்தைதான் சொன்னேன்" என்றாள் சிடோனி ஃபிர்மினிடம். "மெடார்ட் மூணு சொன்னான். நீ எதுக்கு இவ்வளவு நீளமாச் சொன்னே?"

"பிரெஞ்சு அப்படித்தாம்மா. நீளமான பாஷை."

கேப்டன் சிவப்பு உள்பாவாடையைச் சாட்சிக்கு எடுத்துக்கொண்டு போனார். அது திரும்பி வரவேயில்லை. பாரிஸில் கேப்டன் பெண்டாட்டி அதை உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போவதாக சிடோனி இன்றுவரை நம்புகிறாள். மறுநாள் மரப் பீரங்கியை ஏற்றிக்கொண்டு போனார்கள். மிச்சக் கரியையும் வாரிக்கொண்டார்கள். அதற்குப் பின் அவள் கொல்லையில் குண்டு விழவில்லை. சதுப்பில் விழுந்தது, நாரைகள் புகார் செய்தன.

ஃபிர்மினைப் படம் வரைகிற வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். கையில் துப்பாக்கி கொடுத்து ஆற்றங்கரைப் பதுங்குகுழிகளுக்கு அனுப்பினார்கள். போகிறதற்கு முன் ஒரு படத்தோடு வந்தான். அன்றைக்குக் காலையில்தான் சிடோனியிடம் நான் விஷயத்தைச் சொல்லியிருந்தேன், அவன் அந்த நீளமான பிரெஞ்சில் என்ன சொன்னான் என்று. அவள் இறாலை அள்ளுகிற கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "எதுக்கு அப்படிச் சொன்னான்?" என்றாள். "அவனுக்கு என்ன வேணுமாம்?" எத்தனை தடவை கேட்டாளோ.

படம் அதே கடற்கரைதான். முள்கம்பி, மரக்கட்டை, வீடு. கோழிக்கூடு இருந்தது. பீரங்கி இல்லை. சிடோனி அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பின்பக்கம் திருப்பினாள். முகர்ந்தாள்.

"எதுக்குக் குடுக்கறே?"

"சும்மாதாம்மா."

"சும்மாக் கரி குடுத்ததுக்கே என் கோழி போச்சு."

அவன் சிரித்தான். "அப்போ கூலி வாங்கிக்கறேன். எப்படி உரிக்கறதுன்னு சொல்லிக் குடுங்க."

கிண்ணத்தை வைத்தாள். தலை ஒரு கை, வால் ஒரு கை. முதல் மூன்றை நாசம் செய்தான். நாலாவது சுத்தமாக வந்தது. வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினான். ஒரு சத்தமும் இல்லை.

"இப்பவும் நீ ஒற்றன்தான்" என்றாள் சிடோனி. "ஆனா எங்க ஊரு ஒற்றன்." துணியில் ஒரு பொட்டலம் இறாலைக் கட்டி அவன் பையில் திணித்தாள். உரித்த இறால். ஜென்மத்தில் அவள் யாருக்கும் உரித்துக் கொடுத்ததில்லை, மெடார்டுக்குக்கூட.

அவன் திரும்பி வரவில்லை. செத்துவிட்டான் என்று ஒருத்தன் சொன்னான். கென்டில் கடைப் பலகை எழுதிக்கொண்டு சுகமாக இருக்கிறான் என்று இன்னொருத்தன் சொன்னான். சிடோனி இரண்டு பேரையும் நம்பவில்லை.

படம் அடுப்படிச் சுவரில் தொங்கியது. தினமும் காலையில் அதன் முன்னால் நின்று வீட்டுக்குப் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பாள், ராத்திரியோடு ராத்திரியாக எதுவும் வந்துவிட்டதா என்று. நாங்கள் எவ்வளவு கேலி செய்திருப்போம்! பன்னிரண்டு வருஷம் உப்புக் காற்றும் இறால் ஆவியும் அந்தப் படத்தில் பட்டது. போன வசந்தத்தில் ஒரு காலை, வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கூச்சல். அண்டா வெடித்துவிட்டது என்று நினைத்து ஓடினேன்.

"காமில்! வா! வந்து பாரு! சொன்னேனா இல்லையா!"

கோழிக்கூடு வரைந்திருந்த இடத்தில் வண்ணம் செதிள் செதிளாக உதிர்ந்திருந்தது. அதற்குள்ளிருந்து கறுப்பாக ஒரு குழாய் எட்டிப் பார்த்தது. பீரங்கி. பாவிக்குக் கித்தான் கிடைக்கவில்லை போலிருக்கிறது, பழைய படத்தின்மேலேயே பீரங்கியை மறைத்துப் புதிதாக வரைந்து கொடுத்திருக்கிறான்.

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவள் கல்யாணத்திலும் நான் பார்க்கவில்லை.

மெடார்ட் நல்ல காதைத் திருப்பிக்கொண்டு வந்தான். "இறக்கி வச்சுடு" என்றான். "மறுபடியும் அதையே பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

"எதுக்கு இறக்கணும்?" தையல் பெட்டியைத் திறந்தாள். சிவப்புத் துணியில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, மேல்பக்கம் சுருக்கம் வைத்து, பசை தடவி அந்தக் குழாயின்மேல் ஒட்டினாள். சின்ன உள்பாவாடை. காற்றில் உப்பாததுதான் குறை.

"மிச்ச மூணும் உள்ளதான் இருக்கு" என்றாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. இன்னும் மூன்று சிவப்புத் துண்டுகளை வெட்டி ஊசிப் பெட்டியில் போட்டுத் தயாராக வைத்திருக்கிறாள். திங்கட்கிழமைதோறும் போய்ப் பார்க்கிறாள்.